தகரக் கூரை மழையை கேமுக்குள் கொண்டுவருவது எப்படி?

தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் கேம் செய்கிறவர்கள் முதலில் விடவேண்டிய வழக்கம், பாத்திரம் வீட்டுக்குள் போனதும் மழைச் சத்தத்தைக் குறைப்பது. கான்கிரீட் வீட்டுக்கு அது சரி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான, சீலிங் இல்லாத லயத்தில் நேர்மாறு: வெளியே செடிகளுக்கு நடுவே மெல்லக் கேட்ட மழை, காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) கால் வைத்ததும் பேச்சை அமுக்குகிற அளவுக்குக் கூடும். பொதுவான மழைக் கோப்பை வைத்து இதைச் சமாளிக்க முடியாது. நீங்களே பதிவு செய்யுங்கள்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கைகொடுக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கமென்றால் ஆண்டுக் கடைசி மழைதான்.

காம்பராவுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பதிவுகள் வேண்டும். உள்ளே மைக் கூரைக்கு ஒன்றரை மீற்றராவது கீழே இருக்கட்டும். நெருங்கினால் தனித்தனித் துளிதான் பதியும், மழை பதியாது. வெளியே குடை பிடித்தால் குடைச் சத்தமே பதியும். மைக்குக்கு ஓர் அடி மேலே தடித்த துவாயை இரண்டாக மடித்துச் சாய்வாகக் கட்டுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. போனில் பதிந்தால் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள், இல்லையேல் ஒவ்வோர் இடிக்கும் பிறகு மழை அமுங்கி எழும்.

சேவல், நாய், கோயில் ஸ்பீக்கர் எதுவும் இல்லாத 70 செக்கனைத் தேர்ந்தெடுங்கள். தனியாகத் தெரியும் ஒரே ஒரு சத்தம் போதும், திரும்பத் திரும்ப ஓடுவதைக் காது பிடித்துவிடும். துண்டை 35வது செக்கனில் வெட்டி, பின்பாதியை முன்னால் வையுங்கள். நடுவில் சேரும் இடத்தில் 5 செக்கன் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பவர்' கிராஸ்ஃபேட் (ஒன்றைக் குறைத்தபடி மற்றதைக் கூட்டுவது) போடுங்கள். நேர்கோட்டு ஃபேட் போட்டால் நடுவில் 3 டெசிபெல் பள்ளம் விழும். இப்போது கோப்பின் முடிவும் தொடக்கமும் இயல்பாகவே ஒட்டும். ஓஜிஜியாகச் சேமியுங்கள், எம்பி3 ஓரங்களில் மௌனத்தைச் சேர்த்து லூப்பை உடைக்கும்.

கேம் எஞ்சினில் இரண்டு லூப்பும் எப்போதும் ஓடட்டும், வாசலில் அரை செக்கனில் ஒன்றை ஏற்றி மற்றதை இறக்குங்கள். பாத்திரங்கள் பேசும்போது மழையை 6 டெசிபெல் தாழ்த்துங்கள். இஸ்தோப்பு (வாசல் திண்ணை) ஓரத்துச் சொட்டுகளைத் தனியே ஆறேழு பதிந்து, சீரற்ற இடைவெளியில் விடுங்கள்.

கடைசியில் சாதாரணப் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அதில் இடியின் அடி உறுமல் கேட்காது. முதல் வெடிப்பை வெட்டாமல் விட்டிருந்தால்தான் அது இடியென்றே தெரியும்.