ஏத்தம்பழ பஜ்ஜி: வீட்டில் எங்கே தவறுகிறது?

ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தால் நாகர்கோவில் பக்கம் அது பழபஜ்ஜி. திருவனந்தபுரத்தில் வாழைக்காப்பம். இன்னும் வடக்கே போனால் ஏத்தக்காயப்பம், பழம்பொரி. சென்னையிலும் கோவையிலும் நேந்திரம்பழம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே பழம்தான். வீட்டில் செய்யும்போது மாவு தனியாகக் கழன்று போகிறது, எண்ணெய் குடிக்கிறது, உள்ளே பழம் துவர்க்கிறது என்றால் உடனே மாவின் அளவை மாற்றிப் பார்க்கிறோம். பெரும்பாலும் தவறு அதற்கு முன்பே, பழம் வாங்கும்போதே நடந்திருக்கும்.

பழத்தின் பக்குவம்

காயாக இருக்கும்போது ஏத்தனில் மாவுச்சத்துதான் நிறைந்திருக்கும். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறும். பூவனிலும் ரஸ்தாளியிலும் இந்த மாற்றம் ஏறக்குறைய முழுசாக நடந்துவிடுகிறது. ஏத்தனோ நன்றாகப் பழுத்த பிறகும் கொஞ்சம் மாவுச்சத்தை வைத்துக்கொண்டிருக்கும். கொதிக்கும் எண்ணெயிலும் துண்டு துண்டாக நிற்பதற்கு அதுதான் காரணம். ஏத்தன் கிடைக்கவில்லையே என்று பூவனையோ மோரிஸையோ போட்டால் மாவுக்குள் கூழ்தான் இருக்கும்.

தோல் முழுக்க மஞ்சளாகி, அதன்மேல் கரும்புள்ளிகள் பரவ ஆரம்பித்திருக்கும் நாள்தான் சரியான நாள். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கி மீள வேண்டும், குழி விழக் கூடாது. புள்ளியே இல்லாத பளிச்சென்ற மஞ்சள் பழத்தைப் பொரித்தால் ஓரம் இனிக்கும், நடுத்தண்டு வெள்ளையாக, துவர்ப்பாகக் கிடக்கும். பொரிக்கும் மூன்று நான்கு நிமிடம் அதைச் சரிசெய்யப் போதாது.

ஏமாற வாய்ப்புள்ள இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அவசரமாகப் பழுக்க வைத்த பழம். தோல் ஒரே சீரான மஞ்சளாக இருக்கும், காம்பு மட்டும் பச்சையாக நிற்கும், உரித்தால் உள்ளே காய். (கால்சியம் கார்பைடு வைத்துப் பழங்களைப் பழுக்க வைப்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது.) காயாகவே வாங்கி, அரிசிப் பானைக்குள்ளோ காகிதப் பையிலோ ஏற்கெனவே பழுத்த ஒரு பழத்தோடு சேர்த்து வைத்தால் சில நாளில் தானாகப் பழுத்துவிடும். பழுத்த பழம் வெளியிடும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்க வைக்கும்.

இன்னொன்று பிரிட்ஜ். சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாழைத்தோல் குளிரில் அடிபட்டுக் கறுக்கும், உள்ளே பழுப்பதும் நின்றுவிடும். வெளியே கறுப்பாக இருக்கிறதே, கனிந்திருக்கும் என்று நம்பி வெட்டினால் உள்ளே கட்டியாக இருக்கும். சரியான பக்குவத்துக்கு வந்த பழத்தை ஒரு நாள் தள்ளிப்போட மட்டும் பிரிட்ஜைப் பயன்படுத்துங்கள். பொரிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். சில்லென்ற துண்டு விழுந்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

வெட்டும் தடிமன்

பழத்தைக் குறுக்கே இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் பெரிய பழத்தில் ஆறு துண்டு வரும். ஒரு துண்டு அரை விரல் கனம், அதாவது முக்கால் சென்டிமீட்டர் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் மாவில் தோய்க்கும்போதே ஒடியும். தடித்தால் மாவு சிவந்த பிறகும் நடுப்பழம் சூடேறாமல் இருக்கும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது உரித்து வெட்டினால் போதும். முன்கூட்டியே வெட்டி வைத்தால் கறுப்பதோடு, மேலே பிசுபிசுவென்று ஈரம் கசியும். அந்த ஈரத்தில் மாவு ஒட்டாமல் வழுக்கும். துண்டுகள் ஈரமாகத் தெரிந்தால் அரிசி மாவை மெல்லியதாகத் தூவிப் புரட்டிய பிறகு தோய்க்கலாம்.

மாவு

இரண்டு பெரிய பழத்துக்கு மைதா 1 கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு 2 சிட்டிகை, தட்டிய ஏலக்காய் 2. ஏலக்காய்க்குப் பதில் அரை டீஸ்பூன் சீரகம் போடுகிறவர்களும் உண்டு, அதுவும் நன்றாகவே இருக்கும். தண்ணீர் ஏறக்குறைய முக்கால் கப் ஆகும், சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, கட்டியில்லாமல் இருக்க வேண்டுமென்று மாவை அடித்துக்கொண்டே இருப்பது. மைதாவில் தண்ணீர் பட்டு, அதை அடிக்க அடிக்க குளூட்டன் என்ற பசைப் புரதம் இழுபடும். பொரித்த பஜ்ஜி ரப்பர் மாதிரி ஆவதற்கு அதுதான் காரணம். கலந்து 15 நிமிடம் மூடி வைத்தால் சின்னக் கட்டிகள் தாமாகவே ஊறிக் கரையும். அரிசி மாவில் குளூட்டன் இல்லை, அதனால்தான் அது மொறுமொறுப்பைத் தருகிறது. ஆனால் மைதாவில் பாதிக்கு மேல் போனால் மேலோடு கடினமாகி வெடிக்கும்.

சோடா உப்பு போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. போட்டால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். கூடினால் மேலோட்டில் ஓட்டைகள் பெருகி எண்ணெயை உறிஞ்சும், சோப்பு வாடை வரும், பஜ்ஜியும் சீக்கிரம் கறுக்கும். மஞ்சள் கலந்த மாவில் சோடா கூடியதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சோடா பட்ட இடத்தில் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறி, மாவில் சிவப்புக் கீற்று ஓடும். இதற்கு நல்ல மாற்று, புளித்த தோசை மாவு 2 மேசைக்கரண்டி. அதைக் கலந்தால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, அரை மணி நேரம் ஊற விடுங்கள்.

பதம் பார்க்க ஒரு துண்டைத் தோய்த்துத் தூக்கிப் பிடியுங்கள். மாவு நாடா போல வழிந்து, பிறகு இரண்டு மூன்று சொட்டாகக் குறைந்து நின்றுவிட வேண்டும். பழத்தின் நிறம் ஊடே தெரிந்தால் மாவு நீர்த்துவிட்டது. ஒரு கரண்டி மைதா சேர்த்தால் சரியாகும். சொட்டவே இல்லையென்றால் மேலோடு தடித்து ரொட்டி போலாகும். பழம் மிகவும் கனிந்திருந்தால் மாவில் சர்க்கரையை ஒரு கரண்டியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும்.

எண்ணெய்

குமரியிலும் கேரளத்திலும் தேங்காயெண்ணெய்தான், அந்த வாசனை இல்லாமல் இந்தப் பலகாரம் பாதிதான். ஆனால் செக்குத் தேங்காயெண்ணெய் சுமார் 175 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். ஆகவே 165 முதல் 170 டிகிரிக்குள் வைத்துப் பொரிக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடிக்குப் போய் இரண்டு மூன்று விநாடியில் மேலே வந்தால் சூடு சரி. அடியிலேயே கிடந்தால் இன்னும் காய வேண்டும், விழுந்தவுடன் சிவந்தால் தீயைக் குறைக்க வேண்டும்.

தேங்காயெண்ணெய் போதவில்லை என்று சூரியகாந்தி எண்ணெயையோ கடலெண்ணெயையோ அதில் ஊற்றாதீர்கள். இந்தக் கலவை பொரிக்கும்போது நுரைத்து எழும், சட்டியை மீறி அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும். எந்த எண்ணெயானாலும் ஒன்றை மட்டும், இரண்டு அங்குல ஆழத்துக்கு, சட்டியில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள்.

ஒரு ஈட்டுக்கு மூன்று நான்கு துண்டு போதும். போட்டவுடன் கரண்டியால் தொட வேண்டாம். மேலோடு இறுகுவதற்கு முன் தொட்டால் மாவு பிய்ந்து, பழத்தின் சாறு எண்ணெயில் இறங்கிக் கருகும். ஒன்றரை நிமிடம் கழித்துத் திருப்பி, மறுபக்கமும் பொன்னிறமானதும் எடுக்கலாம். மொத்தம் மூன்று முதல் நான்கு நிமிடம். உதிர்ந்த மாவுத் துணுக்குகளை ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்துவிடுங்கள், அவைதான் எண்ணெயைக் கறுப்பாக்கும். கறுத்து, கெட்டியாகி, புகைகிற எண்ணெயை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

எடுத்ததைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவி வெளியேற வழியின்றி ஐந்தே நிமிடத்தில் நமுத்துப் போகும். கம்பித் தட்டிலோ வடிதட்டிலோ சாய்த்து நிறுத்தி வையுங்கள். செய்தித்தாளில் வைத்து எண்ணெய் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது, சூட்டிலும் எண்ணெயிலும் அச்சு மை கரைந்து பலகாரத்தில் ஏறும்.

தோல் முழுக்கக் கறுத்த பழம்

பஜ்ஜிக்கு நாள் தாண்டிய பழத்தைத் தூக்கிப் போட வேண்டாம். மாவில் தோய்த்தால் நழுவும், நெய்யில் வாட்டினால் அதைவிட ருசியான பக்குவம் இல்லை. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சாய்வாக வெட்டி, கனமான தோசைக்கல்லில் 2 டீஸ்பூன் நெய் விட்டு, துண்டுகள் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, சிறு தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வைக்க வேண்டும். தீ கூடினால் பழத்தின் சர்க்கரை நெய்யில் கருகிக் கசக்கும். சர்க்கரை தூவுவதானால் இரண்டாம் பக்கமும் சிவந்த பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுத் தூவுங்கள். கல்லின் சூட்டிலேயே அது உருகிப் பழத்தில் ஒட்டிக்கொள்ளும்.