புதிய ஆடியோ கேபிளைப் பழக்கி எடுக்க வேண்டுமா? வீட்டிலேயே சோதித்து அறியும் முறை

புதிதாக வாங்கிய ஆடியோ கேபிளில் நூறு, இருநூறு மணி நேரம் பாட்டு ஓடிய பிறகே அதன் உண்மையான ஒலி வெளிப்படும் என்று விற்பவர்களும் ஆர்வலர்கள் பலரும் சொல்கிறார்கள். ஸ்பீக்கருக்கு இது ஓரளவு பொருந்தும். அதன் கூம்பைத் தாங்கும் பகுதிகள் அசைய அசைய நெகிழ்ந்து, ஒத்ததிர்வு அதிர்வெண் சற்றுக் கீழிறங்குவதை அளந்தே காட்டலாம். கேபிளிலோ அசையும் உறுப்பு எதுவும் இல்லை. 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியாலான மூன்று மீட்டர் ஸ்பீக்கர் கேபிளின் மின்தடை, போக வரச் சேர்த்து ஏறத்தாழ 0.04 ஓம். அது பத்தில் ஒரு பங்கு மாறினாலும் 8 ஓம் ஸ்பீக்கரில் ஒலி அளவு 0.005 டெசிபெல்கூட மாறாது; செப்பின் மின்தடை அவ்வளவு மாறுவதற்கே அதன் வெப்பநிலை சுமார் 25 டிகிரி செல்சியஸ் உயர வேண்டும்.

ஆகவே பழக்குவது தேவையில்லை என்பதே என் கருத்து. ஆயினும் இதை நீங்களே சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரே தயாரிப்பில், ஒரே நீளத்தில் இரண்டு ஆர்சிஏ கேபிள்களை (ஒலிக்கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பவை) வாங்கி, ஒன்றில் மட்டும் பாட்டை ஓடவிட்டு, மற்றதை உறையிலேயே வைத்திருங்கள். மூன்று வாரத்துக்கு முன் கேட்ட ஒலியை நினைவில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. அந்த இடைவெளியில் பழகிப்போவது பெரும்பாலும் நம் காதுதான்.

கணினியுடன் இணைத்து ஒலியை வெளியே அனுப்பவும் உள்ளே பதிவு செய்யவும் உதவும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவி இருந்தால் வேலை எளிது. அதை அரை மணி நேரம் சூடாக விட்டு, அதன் வெளியீட்டை அதன் உள்ளீட்டுடனேயே கேபிளால் இணைத்து, ஒரு நிமிடப் பாட்டை ஒலிக்கவிட்டு 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். ஒலி அளவுக் குமிழை இறுதிவரை தொடக் கூடாது. முதலில் உறையில் இருந்த கேபிளை எடுத்து, எதையும் அசைக்காமல் இரண்டு முறை பதிவு செய்யுங்கள். பிறகு அதே கேபிளைக் கழற்றி மாட்டி மூன்றாவது முறையும், ஓடிய கேபிளை மாட்டி நான்காவது முறையும் பதிவு செய்யுங்கள்.

ஆடாசிட்டி மென்பொருளில் முதல் இரண்டு பதிவுகளைத் திறந்து, அலைவடிவத்தை நன்கு பெரிதாக்கி, ஒவ்வொரு மாதிரிப் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி நகர்த்துங்கள். ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் கலந்தால் பாட்டு மறைந்து மெல்லிய இரைச்சல் மட்டும் எஞ்சும். அதுவே உங்கள் கருவியின் எல்லை. இந்தப் படியைத் தவிர்த்தால் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது. அடுத்து முதல் பதிவை மூன்றாவதுடனும், பிறகு நான்காவதுடனும் இதே போல் கலந்து பாருங்கள். கழற்றி மாட்டியதிலேயே எச்சம் கூடினால் அது முனைத்தொடர்பின் விளைவு. முனையில் படிந்த ஆக்சைடு, கேபிளைச் செருகும்போது சுரண்டப்படுவதால் ஒலி உண்மையாகவே தெளிவடையக்கூடும். பழக்கியதால் வந்த மேன்மை என்று பலர் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். நான்காவதில் எஞ்சுவது மூன்றாவதில் எஞ்சியதைவிடத் தெளிவாக மிகுந்தால் மட்டுமே மேலே ஆராய வேண்டும். அப்போதும் இரண்டு கேபிள்களுக்கு இடையே தொடக்கத்திலேயே வேறுபாடு இருந்திருக்கலாம் என்பதால், பாட்டை ஓடவிடுவதற்கு முன்பே இரண்டையும் ஒருமுறை பதிவு செய்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் காதாலேயே சோதிக்கலாம். நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்துக்கேற்பக் கேபிளை மாட்டட்டும். அதே கேபிள் மறுபடி வந்தாலும் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும், இல்லையெனில் மாட்டும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். நண்பரின் முகமும் உங்களுக்குத் தெரியக் கூடாது. 16 முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் மாட்டியிருப்பது ஓடிய கேபிளா, ஓடாததா என்று எழுதுங்கள். வெறும் ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

கேபிளைத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதை வாங்கும்போதே கேட்டு வைத்து, அந்த நாட்களுக்குள் முதல் ஒப்பீட்டை முடித்துவிடுங்கள். கேட்ட ஒலி பிடிக்கவில்லை என்றால், இன்னும் ஐம்பது மணி நேரம் ஓடட்டும் என்று யார் சொன்னாலும் காத்திராமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.