சாக்கைக் கழுவிக் காயப் போடும் முன்

கோழித்தீன் சாக்கு எங்கள் வீடுகளில் முடிந்துபோகிற பொருள் அல்ல. எங்கள் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் நெல் கட்டவும், நிலாவெளியில் கருவாடு அடுக்கவும் அது மறுபடி வரும். ஆனால் சாக்கு வாயில் தைத்திருக்கும் சிட்டையை முதல் நாளே பிய்த்து எறிந்துவிடுகிறோம். தொகுதி இலக்கமும் உற்பத்தித் திகதியும் அதில்தான் இருக்கின்றன.

இலங்கையில் விலங்குத் தீவனத்தை ஒழுங்குபடுத்த 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம்தான் இதைப் பார்க்கிறது. ஆனால் பரிசோதகருக்குப் பிடி அந்த இலக்கம். கோழி செத்த பிறகு "போன கிழமை சந்தியில வாங்கினது" என்று மட்டும் சொன்னால், எந்தத் தொகுதியை மடக்குவது?

இரண்டாவது தவறு சில்லறையாக வாங்குவது. "அண்ணை, ரெண்டு கிலோ போடுங்கோ" என்றால் கடைக்காரர் திறந்த சாக்கிலிருந்து பேணியால் அள்ளுவார். அது எப்போது திறந்தது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. நாய்த்தீனியை அப்படித்தான் நானும் வாங்கினேன். மூன்றாம் நாள் நாய் தட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால் பழைய எண்ணெய் நாற்றம். என் மூக்கு மூன்று நாள் தூங்கியிருக்கிறது.

பெரிய வில்லங்கம் பூஞ்சணம். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாரியில் சீமெந்துத் தரையில் நேரே வைத்த சாக்கின் அடிப்பக்கம் ஈரம் இழுக்கும். சோளனிலும் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான், தீனில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். "வெயிலில் ஒருக்கால் காய வைத்தால் சரி" என்பார்கள். வெயில் பூஞ்சணத்தைக் காய வைக்கும். நஞ்சு முழுதாகப் போகாது. அவித்தாலும் பெரிதாகப் போகாது. நல்ல தீனோடு கலந்து 'செலவழிப்பது' இன்னும் மோசம். பசு தின்றால் அதன் ஒரு பங்கு எம்1 என்ற மாறிய வடிவில் பாலுக்கு வரும். கிண்ணியாவின் எருமைத் தயிரிலும் நிற்கும். சாக்கைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கொட்டிப் புதைத்துவிடுங்கள், நாய்க்கும் போட வேண்டாம். நாய் இந்த நஞ்சுக்குக் கோழியை விடப் பலவீனம்.

சந்தேகம் வந்தால் மேலாக ஒரு பிடி அள்ளிக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் ஓடுவதும் வழக்கம். நஞ்சு ஒரு மூலையில் குவிந்து, மற்ற மூலையில் இல்லாமலும் இருக்கும். மேல், நடு, அடி மூன்றிலும், பல சாக்குகளிலும் எடுத்துக் கலந்து, உலர்ந்த கடதாசிப் பையில் கொடுங்கள். பொலித்தீனில் கட்டினால் வழியிலேயே புதிதாகப் பூக்கும்.

தீனுக்குச் சொல்லப்படும் புரத அளவைக் கண்ணை மூடி நம்புவதும் தவறு. பொதுவான ஆய்வுகூடச் சோதனை அளப்பது புரதத்தை அல்ல, நைதரசனை. 2007இல் சீனாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில், நைதரசன் நிறைந்த மெலமின் என்ற இரசாயனத்தைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையில்தான் நுழைந்தார்கள். நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. மீன்தூளில் யூரியாவைச் சேர்த்தாலும் இலக்கம் ஏறும். வாடியில் உலர்த்திய மீன்தூளை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: மணல் அடியில் தங்கும். நுனி நாக்கில் வைத்தால் உப்பும் தெரியும். உப்புக் கூடினால் கோழி தண்ணீர்ப் பேணியை விட்டு நகராது, கழிச்சலும் தண்ணீராகும்.

ஒன்றுக்கான தீனை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். குஞ்சுத் தீனில் இரத்தக்கழிச்சலுக்காகச் சில வேளை மொனென்சின் என்ற மருந்து இருக்கும். கோழிக்கு மருந்து, குதிரைக்கும் நாய்க்கும் நஞ்சு. மருந்து கலந்த தீன் என்றால் இறைச்சிக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதும் நீங்கள் பிய்த்தெறிந்த அந்தச் சிட்டையில்தான் அச்சடித்திருக்கும்.