உல்ஸ்டர் கிராமத்துக் கல்லறைகளில் மூதாதையரைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து ஏராளமானோர் அயர்லாந்துத் தீவின் வடபகுதியான உல்ஸ்டரில் குடியேறினார்கள். அவர்களுடைய வம்சாவளியினர் இன்று பூர்வீகம் தேடி வரும்போது, நேராகக் கிராமத்துப் பிரெஸ்பிட்டேரியன் (ஸ்காட்லாந்தியர் பலரும் சார்ந்த புராட்டஸ்டன்ட் சபை) ஆலயத்துக்குப் போய் அடக்கப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒன்று இருக்காது. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைத்த பல சபைகள் அடக்கத்தை எழுதவே இல்லை. பழைய ஆலயங்கள் சிலவற்றுக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டமும் கிடையாது. சபையார் ஊரின் பொதுவான பழைய இடுகாட்டிலோ ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த) ஆலய வளாகத்திலோ அடக்கம் செய்யப்பட்டார்கள். அதனால் பிரெஸ்பிட்டேரியனாக வாழ்ந்தவரின் அடக்கக் குறிப்பு ஆங்கிலிக்கன் பதிவேட்டில் கிடைக்கலாம். 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் அந்தப் பதிவேடுகளில் ஏராளமானவை எரிந்துபோனது பெரிய இழப்பு. தப்பியவற்றில் உல்ஸ்டருக்கு உரிய பலவற்றின் நகல்களை பெல்பாஸ்டில் உள்ள பொது ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

கல்லறைக் கல் இல்லாததால் ஆள் அங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கல் நட வசதியில்லாத குடும்பங்களே அதிகம். கல்லில் பெயர் இருப்பதாலும் உடல் அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் இறந்த மகனையும், முதல் உலகப் போரில், 1916-இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் மடிந்தவரையும் குடும்பக் கல்லிலேயே பொறித்தார்கள். பல கற்கள் இறப்புக்கு நெடுங்காலம் கழித்து நடப்பட்டவை, வயதும் ஆண்டும் பிசகியிருக்கும். அயர்லாந்தில் 1864 முதல் இறப்புகளை அரசு பதிவு செய்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தகவல் கொடுத்தவரின் பெயரும் அதில் இருக்கும். பெரும்பாலும் அவர் இன்னொரு உறவினர்தான்!

அப்புறம், பெயர்க் குழப்பம். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. எனவே ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் வாழ்ந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது 'டவுன்லேண்ட்' என்ற சின்ன நிலப்பிரிவின் பெயர்தான். கல்லில் அது இருந்தால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் நில மதிப்பீட்டில் (வரிக்காக நிலங்களையும் வீடுகளையும் மதிப்பிட்ட பட்டியல்) அந்த டவுன்லேண்டில் யார் குடியிருந்தார்கள் என்று பார்க்கலாம்.

எழுத்து தெரியவில்லை என்று கம்பி பிரஷ், பிளீச்சிங், சாக்பீஸ் எதையும் கொண்டு போகாதீர்கள். கல் உரிந்துவிட்டால் அந்த எழுத்து திரும்ப வராது. வெயில் சாயும் நேரத்தில் போங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். படம் எடுக்கும்போது பக்கத்துக் கற்களையும் சேர்த்து எடுங்கள். மருமகள் பிறந்த வீட்டார் அடுத்த வரிசையிலேயே இருக்கக்கூடும்.