புல்டாக் முகத்தைத் துடைக்கிறவர்கள் வாலை மறந்துவிடுகிறார்கள்

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி தன் புல்டாக்கைக் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வந்திருந்தார். நாய்க்கு ஒன்றரை வயது, நல்ல கட்டான உடம்பு, முகத்து மடிப்பெல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஆனால் திண்ணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தது, நடுநடுவே பின்பக்கத்தைத் தரையில் வைத்து இழுத்துத் தேய்த்தது. "வாலுக்கு அடியில பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "அங்க பார்க்கிறதுக்கு என்னங்கண்ணா இருக்குது?" என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் என் புல்டாக் முத்துவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது டாக்டரிடம் நான் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான்.

தடுப்பூசி போட வேண்டும், சாக்லேட் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். புதிதாக வளர்க்கிறவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வால் குழியைப் பார்க்காமல் விடுவது

புல்டாக்கின் வால் கட்டையாக, சில நாய்களுக்குத் திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு உடம்போடு ஒட்டி இருக்கும். அந்த வாலுக்கு அடியில் தோல் மடிந்து ஒரு குழி விழும். சிலவற்றுக்கு மேலோட்டமாக, சிலவற்றுக்கு விரல் நுனி முழுசாக உள்ளே போகிற ஆழத்துக்கு. காற்று படாத இடம், உடம்புச் சூடு, குளித்த ஈரம், உதிர்ந்த முடி எல்லாம் அங்கே சேர்கிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருக அது போதும்.

முத்து தரையில் தேய்க்க ஆரம்பித்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் "வயித்துல பூச்சிங்க" என்றார்கள். நானும் நம்பி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஒரே மாதத்தில் மூன்று தடவை பூச்சி மாத்திரை கொடுத்தேன். தேய்ப்பது நிற்கவில்லை. அப்புறம் வீட்டுக்குள் புளித்த மாவு மாதிரி ஒரு வாடை வந்தது. அது படுக்கிற சாக்கை மாற்றினோம், தரையை பினாயில் போட்டுக் கழுவினோம், வாடை போகவில்லை. ஒருநாள் பொழுதோட அம்மா அதன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார், வால் மேல் கை பட்டதும் அம்மாவைப் பார்த்து அதுவரைக்கும் உறுமியே அறியாத நாய் உறுமியது. மறுநாள் காலையில் ஈரோட்டுக்குக் கொண்டு போனோம். டாக்டர் வாலை மெதுவாகத் தூக்கி, காஸ் துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். முதலில் காப்பி நிறத்தில் பசை மாதிரி அழுக்கு, இரண்டாவது துணியில் சீழ், மூன்றாவதில் ரத்தம். முத்து என் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகியது.

ஆறு வாரம் மருந்து. ஆறியது, இரண்டு மாதத்தில் திரும்பவும் வந்தது, மறுபடியும் ஆறியது, மறுபடியும் வந்தது. குழி ரொம்ப ஆழம், இனி வாலை எடுத்துவிடுவதுதான் வழி என்று சொல்லி அறுவை சிகிச்சை செய்தார்கள். குட்டை மூக்கு நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது மற்ற நாய்களைவிட ஆபத்தான காரியம், அது கண் விழித்துத் தலையைத் தூக்குகிற வரைக்கும் நான் வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். செலவானது பெரிசில்லை. ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் பார்த்திருந்தால் அத்தனை மாதம் அது வலியோடு இருந்திருக்காது என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. இதிலே எனக்குக் கோபம் வருவது குட்டி விற்கிறவர்கள் மேல். தீனி, சங்கிலி, பெல்ட் எல்லாம் விலாவாரியாகச் சொல்வார்கள், வாலைத் தூக்கி "இந்த இடத்தைத் தினமும் துடைங்க" என்று ஒருத்தரும் காட்டித் தருவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். குட்டியிலிருந்தே வாலைத் தொட்டுப் பழக்குங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணி, அல்லது டாக்டர் எழுதித் தருகிற குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினித் துடைப்பான், இரண்டில் ஒன்றால் குழியைச் சுற்றித் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். துடைத்து ஈரத்தோடு விட்டால் துடைக்காமல் இருப்பதைவிட மோசம். சிவந்திருந்தாலோ வாடை வந்தாலோ தொட்டால் துடித்தாலோ வீட்டில் நோண்டாதீர்கள், டாக்டரிடம் போங்கள். தேய்ப்பதற்குக் குதச் சுரப்பி அடைப்பும் காரணமாக இருக்கலாம், நிஜமாகவே பூச்சியாகவும் இருக்கலாம். எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

மடிப்பில் மஞ்சளும் எண்ணெயும்

மஞ்சள் விளைகிற ஊர்க்காரர்கள் நாம், புண் என்றால் கை முதலில் மஞ்சளுக்குத்தான் போகும். மூக்குக்கு மேல் இருக்கிற மடிப்பில் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், மஞ்சள் காய்ந்து பொருக்காகி உரசும், அதற்கும் மேலே அந்த நிறத்தில் தோல் சிவந்திருப்பதே தெரியாமல் போய்விடும். முகப் பவுடரும் வேண்டாம், ஈரத்தோடு சேர்ந்து கட்டி கட்டியாக நிற்கும். துடைத்து, காய வைத்தால் போதும்.

காதுக்குள் பட்ஸ்

விடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் பஞ்சால் துடையுங்கள்.

வெயிலைக் குறைவாக மதிப்பது

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பிரச்சினை தெரியாது. சித்திரையில் ஈரோடும் கரூரும் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்போதுதான் தெரியும். நாய்க்கு உடம்புச் சூடு இறங்குவது முக்கியமாக மூச்சு இரைப்பதால்தான், புல்டாக்குக்கோ மூக்குத் துவாரமும் குறுகல், தொண்டைக்குள்ளும் இடம் குறைவு. இரைக்க இரைக்கச் சூடு இறங்காமல் ஏறவும் செய்யும். அதனால் கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள், சாயங்காலம் தரையில் உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆசன வாயில் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். வெயிலில் இருந்து வந்து குறட்டை மாதிரி சத்தத்தோடு இரைத்து, எச்சில் நூலாக வடிந்து, நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால் அளந்துகொண்டு நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டு வந்து உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, ஃபேன் போட்டு, அந்த ஈரத்தோடேயே வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைப்பதுதான் இங்கே எல்லோரும் செய்கிற தவறு. கொஞ்ச நேரத்தில் துண்டு சூடாகி உடம்புச் சூட்டை வெளியே விடாமல் அடைத்துவிடும்.

நம்முடைய மாத்திரை

பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் இரண்டும் நாய்க்கு விஷமாகலாம். பாதி மாத்திரைகூட நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

வாய்க்காலில் இறக்கிவிடுவது

எல்லா நாய்க்கும் நீச்சல் தானாக வரும் என்று கீழ்பவானி வாய்க்காலில் இறக்கிவிடுகிறார்கள். புல்டாக்குக்குத் தலை கனம், கால் குட்டை. மூழ்கும். தோட்டத்தில் மதில் இல்லாத கிணறோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் முதலில் வேலி போடுங்கள்.

நகத்தை ஒரே வெட்டாக வெட்டுவது

கறுப்பு நகத்தில் ரத்தம் ஓடுகிற இடம் வெளியே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, ஒவ்வொரு தடவையும் நகத்தின் வெட்டிய முனையைப் பாருங்கள், நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தப்பிப் பட்டுவிட்டால் மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளார்) வைத்து அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். கால் கையில் இருக்கும்போதே விரல் இடுக்குகளையும் பிரித்துப் பாருங்கள், உண்ணி அங்கேதான் ஒளிந்துகொள்ளும், புல்டாக்குக்கு அங்கே சிவப்பாகக் கட்டியும் கிளம்பும். கட்டியைப் பிதுக்காதீர்கள், படம் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.