உடல்வாகுக்கு ஏற்ப ஆண்கள் உடுத்துவது எப்படி: தோள் தையலில் தொடங்குங்கள்

குள்ளமானவர் நெடுக்குக் கோடு அணிய வேண்டும், பருமனானவர் கறுப்பு அணிய வேண்டும் என்ற அறிவுரைகள் எங்கும் கிடைக்கின்றன. என் தோள் சற்று ஒடுங்கியது, வயிறு கொஞ்சம் முன்தள்ளியது. இந்த உடம்புக்கு அந்த அறிவுரைகள் உதவவில்லை. உதவியவை இரண்டு: சட்டையின் தோள் தையல் எங்கே உட்காருகிறது என்பதும், பேண்ட் வயிற்றில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும். இவை சரியாக அமைந்த பிறகுதான் நிறத்தையும் கோட்டையும் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: கண்ணாடியை விட்டுவிட்டுப் படம் எடுங்கள்

கண்ணாடி முன் நின்றதும் நாம் அறியாமலே வயிற்றை உள்ளிழுத்துவிடுகிறோம். அதனால் கைபேசியை ஏதாவது ஒன்றின் மீது சாய்த்து வைத்து, டைமர் போட்டு, முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என மூன்று படங்கள் எடுங்கள். கேமரா உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். முடிந்தவரை தள்ளி வையுங்கள். முக உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் கால்கள் குட்டையாகத் தெரியும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

அளப்பதற்குத் தையற்காரர்கள் வைத்திருக்கும் துணி நாடாவே போதும். இரும்பு டேப் உடம்பின் வளைவில் படியாது. கைபேசிப் படத்திலிருந்து உடல் அளவைச் சொல்லும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: தோள்

தோளின் மேல்பகுதியை விரலால் தடவிக்கொண்டே வெளிப்புறம் போனால், கை தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். சட்டையின் தோள் தையல் அங்கேதான் உட்கார வேண்டும். அதைத் தாண்டிக் கைப்பக்கம் சரிந்தால் ஒடுங்கிய தோள் மேலும் ஒடுங்கித் தெரியும். உள்ளே ஏறிவிட்டால் அகன்ற உடம்பு பிதுங்கித் தெரியும்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சட்டையின் பக்கங்களைப் பிடித்துத் தைக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளை மாற்ற வேண்டுமானால் கையையே பிரித்தெடுத்து மறுபடி பொருத்த வேண்டும். அந்த வேலை சட்டைக்குக் கட்டுப்படியாகாது. சட்டைக்கு மேல் அணியும் கோட்டுக்கு இன்னும் கடினம். தோள் பொருந்தாத சட்டையை, மற்றதெல்லாம் பிடித்திருந்தாலும், வாங்க வேண்டாம்.

படி 3: சுருக்கங்களைப் படியுங்கள்

பொத்தான்களைப் போட்டு, கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். ஒரு பொத்தானைச் சுற்றிப் பெருக்கல் குறி போல இழுப்பு விழுந்தால் அந்த இடத்தில் துணி போதவில்லை. பக்கவாட்டில் மேலிருந்து கீழாகத் தளர்ந்த மடிப்புகள் தொங்கினால் துணி மிகுதி. கழுத்தடியிலிருந்து அக்குள் நோக்கிச் சாய்வாக மடிப்பு விழுந்தால் உங்கள் தோள் சரிவானது. பின்புறக் காலருக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு திரண்டால் தோள் நிமிர்ந்த வாகு.

நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்று இருந்தால் அதை மேசையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். அது உங்கள் மார்புச் சுற்றளவைவிட 4 அங்குலம் அளவுக்குக் கூடுதலாக இருக்கும். ஒல்லியானவர்கள் இதை 3 அங்குலத்துக்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் எலும்புகள்தான் எடுத்துத் தெரியும். வயிறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை மார்பில் போடக் கூடாது, வயிற்றில் போட வேண்டும்.

படி 4: பேண்ட் நிற்கும் உயரம்

மிக அதிகமானோர் தடுமாறும் இடம் இது. நானும் இதில்தான் நெடுநாள் சிக்கியிருந்தேன், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

கவட்டுத் தையலிலிருந்து முன்புறம் இடுப்புப் பட்டையின் மேல்விளிம்பு வரை அளந்து பாருங்கள். இந்த அளவு சுமார் 9 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் பேண்ட் தொப்புளுக்கு வெகு கீழே நிற்கும். 11 அல்லது 12 அங்குலம் என்றால் பெரும்பாலோருக்குத் தொப்புளை நெருங்கும். பேண்டின் அளவுச் சீட்டில் அச்சிட்டிருக்கும் இடுப்பு எண் இதைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

பேண்ட் வயிற்றுக்கு அடியில் நின்றால், பெல்ட்டுக்கு மேல் வயிறு சரிகிறது, கால் குட்டையாகிறது, உள்ளே விட்ட சட்டை ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும் வெளியே வருகிறது. அதையே வயிற்றின் மீது, தொப்புள் மட்டத்தில் நிறுத்தினால் துணி வயிற்றிலிருந்து நேராகக் கீழே இறங்கும். கால் நீண்டு தெரியும். குள்ளமானவர்களுக்கும் இதே பலன் உண்டு.

உங்களுக்கு வேண்டிய உயரத்தைக் கண்டுபிடிக்க, இப்போதுள்ள பேண்டைக் கவட்டில் இறுக்கமில்லாமல் சாதாரணமாக அணியுங்கள். பட்டையின் மேல்விளிம்பிலிருந்து நீங்கள் விரும்பும் உயரம் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து, பழைய அளவோடு கூட்டுங்கள். 9 அங்குலப் பேண்டுக்கு மேல் 2 அங்குலம் தேவைப்பட்டால், நீங்கள் தேட வேண்டியது 11.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உயரம் மாறினால் சுற்றளவும் மாறும். வயிற்றுக்கு அடியில் 34 அங்குலம் இருப்பவருக்குத் தொப்புள் மட்டத்தில் 37 அல்லது 38 வரலாம். பழைய எண்ணையே கேட்டு வாங்கினால் புதிய பேண்ட் மேலே ஏறாது. ‘உயரமான இடுப்பு எனக்கு ஒத்துவராது’ என்று நினைத்து அதை விட்டுவிடுவீர்கள். புதிய உயரத்தில் நாடாவைச் சுற்றி, நின்றும் உட்கார்ந்தும் அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எண் கூடுவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அது உங்கள் உடையின் அளவு, வெளியில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

முன்புறம் பிளீட், அதாவது பட்டைக்குக் கீழே மடிப்பு, வைத்த பேண்டை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். உட்காரும்போது அது விரிந்து கொடுக்கிறது. பெல்ட் நழுவிக்கொண்டே இருந்தால் தோள் வார் போடுங்கள். வட்டமான வயிற்றில் பெல்ட் பிடித்து நிற்க ஒரு மேடு இல்லை.

படி 5: தையற்காரரிடம் போவதற்கு முன்

புதிய பருத்தி ஆடையைத் துவைத்துக் காயவைத்த பிறகு கொடுங்கள். சுருங்க வேண்டியது அதில் பெரும்பாலும் சுருங்கிவிடும். ‘கொஞ்சம் பிடிங்க’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த இடத்தில் எவ்வளவு என்று குண்டூசி குத்திக் காட்டுங்கள். சட்டையின் முதுகில் இரண்டு டார்ட், அதாவது துணியை உள்ளே மடித்துக் கூராக முடியும் தையல், பிடிப்பது ஒல்லியானவர்களுக்கு மிக நல்ல மாற்றம். பேண்டின் பின்தையலில் உபரித் துணி இருந்தால் இடுப்பைச் சற்று விரிக்கலாம். முன்புற உயரத்தை மட்டும் கூட்ட முடியாது.

கோடுகளைப் பற்றி

கிடைக்கோடு பருமனாகக் காட்டும் என்பது ஆழமாகப் பதிந்த நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு மாறானதைக் காட்டியிருக்கிறார்: கிடைக்கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிகிறது. 2011இல் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆடை அணிந்த உருவங்களை வைத்துச் சோதித்தபோதும் கிடைக்கோடு பருமனைக் கூட்டிக் காட்டவில்லை. பிடித்த கோட்டைத் தயங்காமல் அணியுங்கள். சட்டையும் பேண்டும் நெருங்கிய நிறத்தில் இருந்தால் உருவம் இடையில் வெட்டுப்படாது. குள்ளமானவர்களுக்கு நான் கோட்டைவிட இதையே சொல்வேன்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

சட்டையை வெளியே விடுபவர்கள் எந்த நீளம் என்று கேட்டிருந்தார்கள். பெல்ட்டை மறைத்து, ஜிப்பின் பாதியில் முடிய வேண்டும். அதற்குக் கீழே போனால் கால் குட்டையாகும். கையை உயர்த்தும்போது வயிறு தெரிந்தால் நீளத்தைக் குறை சொல்வதற்கு முன் அக்குளைப் பாருங்கள். அக்குள் வெட்டு தாழ்வாக இருந்தால் கையோடு சேர்ந்து சட்டை முழுவதும் மேலே ஏறும்.

உடற்பயிற்சியால் தொடை பருத்தவர்கள், இடுப்புக்குப் பொருந்தும் பேண்ட் தொடையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தார்கள். தொடைக்குப் பொருந்துவதை வாங்கி இடுப்பைப் பிடித்துத் தையுங்கள். முழங்காலுக்குக் கீழே லேசாகக் குறுகினால் போதும், கணுக்காலை இறுக்க வேண்டாம். கீழே இறுகினால் மேலே தொடை இன்னும் பெரிதாகத் தெரியும். 3 அங்குலத்துக்கு மேல் பிடிக்க வேண்டி வந்தால் பின்பைகள் இரண்டும் நடுவில் நெருங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் ரெடிமேடை விட்டு அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதே நல்லது.