செயலியில் மொழி படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், பக்கத்து சீட்டில் யாராவது டுவோலிங்கோ என்ற மொழிச் செயலியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஜெர்மனியில் இருக்கும் கணவரிடம் போக ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் சோதனைக்குப் படிக்கிறார், இன்னொருவர் கொரிய வேலைக்கு. நோக்கம் சரி, படிக்கிற விதத்தில்தான் பிழை.

பெரிய பிழை, ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது. கொரிய, ஜப்பானியப் பாடங்களைப் பலர் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறார்கள். வினைச்சொல் கடைசியில் வருவதும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும் ஆங்கிலக்காரருக்குத் தலையிடி. நமக்கென்ன? 'சோற்றைச் சாப்பிடுகிறேன்' என்பது கொரிய மொழியில் 'பாபுல் மொகொயோ'. 'பாப்' என்றால் சோறு. 'உல்' நம்முடைய 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. ஜப்பானியத்தில் அந்த இடத்தில் 'ஓ' வரும். இதை ஆங்கிலமாக்கிப் பிறகு விளங்கிக்கொள்வது வீண் வேலை. கொப்பியில் ஒவ்வொரு வசனத்துக்கும் கீழே தமிழை எழுதுங்கள், வசன அமைப்பு சீக்கிரம் பிடிபடும்.

ஆனால் உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் படிக்காதீர்கள். கொரிய மொழியில் நெருப்பு, புல், கொம்பு மூன்றுக்குமான சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'புல்' என்றுதான் வரும். (புல்லுக்கும் புல்லே வருவதை வைத்து ஆராய்ச்சி செய்பவர்கள் செய்யட்டும்.) அவர்களுக்கோ முதலெழுத்து மூன்றும் வேறு, மூச்சை விடும் விதமும் வேறு. அடிப்படை எழுத்துகள் 14 மெய், 10 உயிர், அவ்வளவுதான். முதலில் அதை முடித்துவிடுங்கள்.

அப்புறம், எத்தனை நாள் விடாமல் படித்தோம் என்று டுவோலிங்கோ காட்டும் அந்த நெருப்புப் படம். தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாதென்று இரவு பன்னிரண்டு மணிக்கு முன் தெரிந்த பாடத்தையே திரும்பத் தட்டுவது படிப்பில்லை. புள்ளி ஏறும், மொழி ஏறாது.

தெரிவுகளைப் பார்த்துச் சரியானதைத் தொடுவது சுலபம். ஜெர்மனியின் கேத்தே நிறுவனம் நடத்தும் ஏ1 சோதனையில் கேட்டல், வாசிப்புடன் எழுத்தும் பேச்சும் உண்டு, எழுதும்போதும் பேசும்போதும் தட்டுவதற்குத் தெரிவுகள் கிடையாது. அதனால் தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, விடையை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பஸ்ஸில் வெட்கமாக இருந்தால் வீட்டில் செய்யலாம்.

கொரிய வேலைக்கான இபிஎஸ் டோபிக் பரீட்சை வேறு மாதிரி. வாசிப்பில் 20, கேட்டலில் 20 கேள்விகள். பொதுவான செயலி கோப்பி வாங்கவும் பூனைக்குட்டியைப் பற்றிக் கதைக்கவும் சொல்லித்தரும். பரீட்சையில் தொழிற்சாலைக் கருவிகள், பாதுகாப்பு அறிவித்தல்கள், சம்பளம், விடுமுறை விஷயங்கள் வரும். அதற்கென்றே கொரியத் தரப்பு வெளியிட்ட பாடப்புத்தகமும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செயலிக்கு மாதாமாதம் காசு கட்டுவதற்கு முன் அதை இறக்கிக்கொள்ளுங்கள்.